தோட்டாவின் வழி: சென்னை – புதுச்சேரிக் கடற்கரையும் கைத்துப்பாக்கிக் கட்டுப்பாடும் (1752–1911)

ஆய்வுச்சுருக்கம்

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுடப்பட்ட நிகழ்வு குறித்த எழுத்துகள் பெரும்பாலும் துப்பாக்கியைப் பற்றியே பேசுகின்றன. அது யாரிடமிருந்து, எவ்வழியாக வந்தது என்பதே அவற்றின் வினா. துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டா, அதைச் சுட்டுப் பழகுவதற்கான இடம், அவ்விரண்டையும் தடுத்த சட்டம் ஆகியவை போதிய கவனம் பெறவில்லை. உலோகத் தோட்டாவின் வருகை ஆயுதக் கட்டுப்பாட்டின் இயல்பையே மாற்றியது என்பதையும், பிரெஞ்சுப் புதுச்சேரி அளித்த முதன்மையான உதவி துப்பாக்கியன்று, சுட்டுப் பழகும் வாய்ப்பே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆயுதச் சட்டம் 1878, பிரௌனிங், வ.வே.சு. ஐயர், வாஞ்சிநாதன், செங்கல்பட்டுக் கடற்கரை, புதுச்சேரி.

முன்னுரை

சென்னைக் கோட்டையிலிருந்து தெற்கே கடலோரமாகச் சென்றால் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், மரக்காணம் வழியாகப் புதுச்சேரியை அடையலாம். தொலைவு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கடற்கரையின் வட முனையில் ஆங்கிலேயர் சட்டமும் தென் முனையில் பிரெஞ்சுக்காரர் சட்டமும் நடந்தன. வட முனையில் உரிமமின்றி ஒரு தோட்டா வைத்திருப்பதும் குற்றம். தென் முனையில் அந்தச் சட்டத்துக்கு வேலையில்லை. இடையில் பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரை ஓடியது. உள்நாட்டில் தென்னிந்திய ரயில்வேயின் பாதை செங்கல்பட்டுச் சந்திப்பைக் கடந்து விழுப்புரம் சென்றது. அங்கிருந்து 1879இல் திறக்கப்பட்ட கிளைப்பாதை புதுச்சேரியை அடைந்தது. ஒரு நாள் பயணத்தில் ஒருவர் ஒரு பேரரசைவிட்டு இன்னொன்றுக்குள் புகுந்துவிடலாம். ஆஷ் கொலையின் பின்னணியை விளங்கிக்கொள்ள இந்த நிலவியல் அடிப்படையானது.

கோவளம், 1752: வடிக்கக்கூடிய குண்டு

இக்கடற்கரைக்கு ஆயுதம் புதிதன்று. கோவளத்தில் 1720களில் ஆஸ்டெண்டு கம்பெனியார் வணிகம் செய்தனர். பின்னர் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் அங்கு ‘சாதத் பந்தர்’ என்ற கோட்டையை எழுப்பினார். அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1752இல் இராபர்ட் கிளைவ், புதிதாகக் கப்பலிறங்கிய 200 ஐரோப்பியரையும் புதிதாகச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களையும் அழைத்துக்கொண்டு கோவளத்தையும் பின்னர் செங்கல்பட்டுக் கோட்டையையும் கைப்பற்றினார். அந்தப் புதியவர்களின் நிலையைப் பற்றி ஓர்ம் தரும் செய்தி சுவையானது. கோட்டையிலிருந்து வந்த குண்டொன்று பாறையில் மோதிச் சிதறிப் பலரை வீழ்த்தியதும் மற்றவர்கள் வெலவெலத்துப் போயினர். ஒருவர் மறுநாள் ஒரு கிணற்றின் அடியில் ஒளிந்திருக்கக் கண்டெடுக்கப்பட்டார். ஆயுதம் கையில் இருப்பது ஒன்று, அதைக் கையாளப் பழகியிருப்பது வேறொன்று என்பதற்கு இக்கடற்கரை தரும் முதல் சான்றாக இதைக் கொள்ளலாம்.

அக்காலத் துப்பாக்கியின் இயல்பு இங்குக் கருதத்தக்கது. அதற்குத் தேவைப்பட்டவை ஈயக் குண்டும் கருமருந்தும். ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்தால் குண்டு கிடைக்கும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் உரிய அளவில் இடித்துக் கலந்தால் மருந்து கிடைக்கும். இரண்டையும் ஊரிலேயே செய்துகொள்ளலாம். ஆகவே ஒருமுறை துப்பாக்கியைப் பெற்றவர் தம் தேவைக்கு வெளியாரை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. பாளையக்காரர்களை ஒடுக்கிய பின்னர் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்பகுதி மக்கள் ஆயுதம் தாங்குவதையே தடை செய்தது. மருந்தையும் குண்டையும் தடுக்க முடியாத நிலையில் ஆயுதத்தையே பறிப்பதைத் தவிர வேறு வழி கம்பெனிக்கு இருக்கவில்லை.

1878ஆம் ஆண்டுச் சட்டம்

லிட்டன் பிரபு காலத்தில் நிறைவேறிய 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் ஆயுதத்தோடு அதற்கான வெடிபொருளையும் ஒரே மூச்சில் கட்டுப்படுத்தியது. தயாரித்தல், விற்றல், இறக்குமதி செய்தல், வைத்திருத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேண்டும். ‘இராணுவப் பண்டங்கள்’ என்பதன் பொருள்வரையறைக்குள் ஈயமும் கந்தகமும் வெடியுப்பும் கொண்டுவரப்பட்டன. அதாவது சட்டம் இயற்றியோரின் கண் முன் நின்றது பழைய துப்பாக்கிதான். ஊர்க் கொல்லனையும் வெடியுப்புக் காய்ச்சுபவனையும் எண்ணியே அவ்வரையறை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சட்டத்தின் கீழ் வந்த விதிகள் ஐரோப்பியரையும் சில உயர் பட்டம் பெற்றோரையும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கின. இந்த இனவேறுபாடே இந்தியக் கல்வியாளர்களை மிகவும் உறுத்தியது. பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டில் ஆயுதச் சட்டம் கடுமையாக விவாதிக்கப்பட்டது. இளைஞராக இருந்த பிபின் சந்திர பாலர் அதை நீக்கக் கோரிப் பேசினார். அன்றைய கோரிக்கை மானத்தைப் பற்றியது. விலங்குகளிடமிருந்து பயிரைக் காத்துக்கொள்ள இயலாத உழவனைப் பற்றியது. ஆட்சிக்கு எதிராக ஆயுதம் தூக்குவது அந்த மேடையில் எவரது பேச்சிலும் இல்லை. விதிகளிலிருந்த இன அடிப்படையிலான விலக்கு 1920இல்தான் நீங்கியது.

பித்தளைக் குப்பி செய்த மாற்றம்

இதற்கிடையே துப்பாக்கியே மாறிவிட்டது. அமெரிக்காவின் உட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கியை பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள எர்ஸ்தால் தொழிற்சாலை உற்பத்தி செய்தது. 1900இல் பெல்ஜிய இராணுவம் அதைத் தன் அதிகாரிகளுக்கான ஆயுதமாக ஏற்றது. அதன் விட்டம் 7.65 மில்லிமீட்டர், பிடிக்குள் செருகும் தோட்டாப்பெட்டியில் ஏழு தோட்டாக்கள். ஒவ்வொரு முறை சுட்டதும் மேற்பகுதி பின்னால் நகர்ந்து வெற்றுக் குப்பியை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். சட்டைக்குள் அடங்கும் தட்டையான வடிவம். ஏழு இலட்சத்துக்கும் மேல் விற்பனையான இத்துப்பாக்கியால் ‘பிரௌனிங்’ என்ற சொல்லே ஐரோப்பாவில் கைத்துப்பாக்கிக்குப் பொதுப்பெயராயிற்று.

இதன் தோட்டாவை எந்த ஊர்க் கொல்லனும் செய்ய இயலாது. பித்தளைக் குப்பி, அதன் அடியில் தட்டியதும் தீப்பற்றும் மூட்டி, உள்ளே புகையில்லா வெடிமருந்து, மேலே உறையிட்ட குண்டு ஆகிய நான்கும் மில்லிமீட்டரின் சிறு கூறளவுக்குத் துல்லியமாக அமைய வேண்டும். அளவில் சிறிது பிசகினாலும் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். எனவே புதிய துப்பாக்கியைப் பெற்றவர் பழைய துப்பாக்கிக்காரரைப் போலத் தற்சார்புடையவர் அல்லர். தோட்டா தீர்ந்தால் அது வெறும் இரும்பு. 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஈயத்தையும் கந்தகத்தையும் குறிவைத்துத் தொடங்கியது. ஆனால் அதன் முழு வலிமையையும் அதற்கு அளித்தது முப்பதாண்டுக்குள் வந்துசேர்ந்த இந்தப் பித்தளைக் குப்பிதான். வரலாற்றாசிரியர்கள் சட்டத்துக்குத் தரும் பெருமையில் பாதியையாவது தொழில்நுட்பத்துக்குத் தர வேண்டும்.

இலண்டன்: கடையில் வாங்கிய துப்பாக்கி

அதே ஆண்டுகளில் பேரரசின் தலைநகரில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 1903ஆம் ஆண்டின் கைத்துப்பாக்கிச் சட்டத்தின்படி இலண்டனில் துப்பாக்கி வாங்குபவர் பொதுவாக ஓர் உரிமச் சீட்டைக் காட்டினால் போதும். அதை அஞ்சல் நிலையத்தில் பத்து ஷில்லிங் கட்டிப் பெறலாம். தோட்டாவைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் தோட்டா விற்பனை கட்டுப்பாட்டுக்குள் வந்தது 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். சென்னை மாகாணத்து உழவனுக்கு 1878 முதல் மறுக்கப்பட்ட ஒன்று, இலண்டனில் படிக்கச் சென்ற இந்திய மாணவனுக்குத் தடையின்றிக் கிடைத்தது.

மதன்லால் திங்ரா 1909 ஜனவரி 26 அன்று இலண்டனின் கேமேஜ் அங்காடியில் மூன்று பவுன் ஐந்து ஷில்லிங்குக்குக் கோல்ட் தானியங்கித் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். டாட்டனம் கோர்ட் சாலையில் 92ஆம் எண் கட்டடத்தில் இருந்த துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்கு மூன்று மாத காலம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சென்றார். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு தோட்டாக்கள் சுட்டார். ஜூலை 1 அன்று மாலையும் அங்குச் சென்று பதினெட்டு அடித் தொலைவிலிருந்து பன்னிரண்டு முறை சுட்டதில் பதினொன்று இலக்கில் பட்டன. அன்று இரவே இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். இவ்விவரங்கள் நீதிமன்றத்தில் கடைக்காரரும் பயிற்சிக் கூட உரிமையாளரும் அளித்த சாட்சியங்களிலிருந்து தெரியவருகின்றன. வாக்குரிமை கோரிப் போராடிய பெண்கள் சிலர் அதே கூடத்தில் பயின்றதாக அவ்வாண்டே இலண்டன் காவல்துறைக்குத் தகவல் போனது என்பது ஒரு கிளைச்செய்தி.

இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வாரத்துக்கு இருமுறை என்று குறைத்துக் கொண்டாலும் மூன்று மாதத்தில் ஏறத்தாழ முந்நூறு தோட்டாக்கள் பயிற்சிக்கே செலவாகியிருக்கும். ஓர் இரவின் சில குண்டுகளுக்கு முன்னால் இத்தனை தோட்டாக்கள் நிற்கின்றன. துப்பாக்கியின் வரலாறு என்று எழுதப்படுவது உண்மையில் இந்தத் தோட்டாக்களின் வரலாறாகவும் இருக்க வேண்டும்.

இந்தியா ஹவுஸ் குழுவில் சட்டம் பயின்றுகொண்டிருந்த திருச்சிராப்பள்ளிக்காரர் வ.வே.சு. ஐயரும் இருந்தார். 1909 தொடக்கத்தில் வி.தா. சாவர்க்கர் பாரிசிலிருந்து வரவழைத்த இருபது பிரௌனிங் துப்பாக்கிகளும் தோட்டாக்களும், சதுர்புஜ் அமீன் என்பவரின் பெட்டியில் போலி அடித்தட்டின் கீழ் மறைக்கப்பட்டுப் பம்பாய் சென்றன. அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் ஆட்சியர் ஜாக்சனை அனந்த கன்ஹேரே சுட்டது இவ்வழி வந்த ஆயுதத்தால் என்று 1918ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கை கூறுகிறது. துப்பாக்கியோடு தோட்டாவும் சேர்ந்தே அனுப்பப்பட்டது என்பதை அறிக்கை தவறாமல் குறிப்பிடுகிறது. அனுப்பியவர்கள் இந்தியாவில் தோட்டா கிடைக்காது என்பதை நன்கு அறிந்திருந்தனர்.

புதுச்சேரி: சுடுவதற்கு ஓர் இடம்

ஐயர் 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியார் 1908 முதலே அங்கிருந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்திருந்தார். ஐயரின் வருகையோடு அங்குள்ள இளைஞர்களுக்கு உடற்பயிற்சியும் துப்பாக்கிப் பயிற்சியும் தொடங்கின. பாரிசிலிருந்த காமா அம்மையார் துப்பாக்கிகளை அனுப்பினார் என்ற செய்தி வாழ்க்கை வரலாறுகளில் பலவாறாகச் சொல்லப்படுகிறது. அவ்விவாதத்தைக் காட்டிலும் முக்கியமானது ரௌலட் அறிக்கையின் ஒரு குறிப்பு. திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்த செங்கோட்டை வாஞ்சி ஐயர், 1911 ஜனவரி 9 அன்று மூன்று மாத விடுப்பெடுத்துப் புதுச்சேரி சென்று ஐயருடன் சேர்ந்து சுடப் பழகினார் என்பதே அது.

ஏன் மூன்று மாதம்? துப்பாக்கியை வாங்கி வருவது மட்டுமே நோக்கமாயின் மூன்று நாள் போதும். திங்ராவுக்கும் தேவைப்பட்டது ஏறத்தாழ அதே கால அளவு என்பது ஒப்பிடத்தக்கது. சென்னை மாகாணத்தின் எந்த ஊரிலும் உரிமமில்லாத ஒருவர் நாள்தோறும் வெடிச்சத்தம் எழுப்பிவிட்டு வீடு திரும்ப முடியாது. மறைத்து வைக்கத் துப்பாக்கி இசையும், சத்தம் இசையாது. பிரெஞ்சு எல்லைக்குள்ளேயே அந்தச் சத்தத்துக்கு இடமிருந்தது. மணற்குன்றும் சவுக்குத் தோப்பும் மாமல்லபுரத்திலும் உண்டு, சதுரங்கப்பட்டினத்திலும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் எழும் வெடியோசை செங்கல்பட்டுக் காவல் அதிகாரியின் காதுக்குப் போகும். எல்லையின் பயன் இதுதான். புதுச்சேரியை ஆயுதக் கிடங்கு என்று வருணிப்பதைவிடப் பயிற்சிக் களம் என்று வருணிப்பதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

மணியாச்சி

1911 ஜூன் 17, காலை பத்தரை மணியளவு. ஆஷும் அவர் மனைவி மேரியும் கொடைக்கானலில் இருந்த தம் குழந்தைகளைக் காண முதல் வகுப்புப் பெட்டியில் சென்றுகொண்டிருந்தனர். தூத்துக்குடியிலிருந்து வரும் வண்டியோடு இணைவதற்காக மணியாச்சியில் அவர்களது பெட்டி காத்திருந்தது. வாஞ்சிநாதன் பெட்டிக்கு அருகே சென்று பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கியால் ஆஷைச் சுட்டார். பிறகு நடைமேடையில் இருந்த கழிப்பறைக்குள் ஓடித் தம் வாயில் சுட்டுக்கொண்டு இறந்தார். அவருக்கு வயது இருபத்தைந்து. சட்டைப்பையில் இருந்த கடிதம் இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. சனாதனம் பேசும் அதன் சொற்களை வைத்து இச்செயலின் அரசியலை மதிப்பிடும் போக்கும், அதை மறுக்கும் போக்கும் தமிழில் வலுவாக உள்ளன. ஆஷைப் பற்றிய ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுகள் அவ்விவாதத்துக்கு ஆவண அடிப்படை தந்தன. அந்த விவாதத்தில் தலையிடுவது இக்கட்டுரையின் வேலையன்று. எனினும் ஒன்றைச் சொல்லலாம். பெல்ஜியத் தொழிற்சாலையும் பிரெஞ்சு எல்லையும் இல்லாமல் அந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்கலாம். மணியாச்சி நிகழ்ந்திருக்க முடியாது.

வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரி முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டார். 1912 பிப்ரவரி 15 அன்று சென்னை உயர்நீதிமன்றச் சிறப்பு அமர்வு அவருக்கு ஏழாண்டும் சங்கரகிருஷ்ண ஐயருக்கு நான்காண்டும் தண்டனை விதித்தது. தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டோடு அந்த அமர்வில் சங்கரன் நாயரும் இருந்தார்.

தோட்டாவின் எடை எத்தனை என்பதை மூன்றாண்டு கழித்துக் கல்கத்தா காட்டியது. 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கில் பத்துப் பெட்டிகள் காணாமற்போயின. அவற்றில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. ஒரு துப்பாக்கிக்கு 920 தோட்டா என்ற விகிதம். பின்னர் வங்கத்தில் நடந்த 54 கொள்ளை, கொலை நிகழ்வுகளில் இத்துப்பாக்கிகள் பயன்பட்டதாக ரௌலட் அறிக்கை கணக்கிடுகிறது. தமிழகத்துப் புரட்சிக் குழுவுக்கு அத்தகைய சரக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. ஆஷ் கொலைக்குப் பின் இங்கு அதைப் போன்ற இன்னொரு நிகழ்வு தொடராமைக்குக் கைதுகளையும் கண்காணிப்பையும் காரணமாகக் கூறுவது வழக்கம். தோட்டாப் பஞ்சத்தையும் அதனுடன் சேர்த்து ஆராய இடமுண்டு.

துளை விட்டமும் உரிமமும்

விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் கீழ் வந்த 1962ஆம் ஆண்டு விதிகள் துப்பாக்கிகளைப் பெரிதும் தோட்டாவைக் கொண்டே வகைப்படுத்தின. .380, .455 விளிம்புத் தோட்டாவையோ படைகளுக்குரிய 9 மில்லிமீட்டர், .45 தோட்டாவையோ ஏற்கும் எந்தக் கைத்துப்பாக்கியும் தடைசெய்யப்பட்ட துளை விட்டம் என்று ஒதுக்கப்பட்டது. அதற்கு மாவட்ட நிர்வாகம் உரிமம் தர முடியாது; நடுவணரசின் அனுமதி வேண்டும். இதனால் உலகப் போர்களிலிருந்து எஞ்சிய வெப்ளி, என்பீல்டு போன்ற பழைய இராணுவக் கைத்துப்பாக்கிகளை ஆர்வலர் ஒருவர் விரும்பினாலும் எளிதில் வைத்திருக்க இயலாத நிலை உருவாயிற்று. சுடவே முடியாத, பழுதுநீக்கினாலும் சுடும் நிலைக்கு வராத தொன்மைப் பொருளுக்கு மட்டும் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. துப்பாக்கி வெறும் இரும்பாகிவிட்ட பிறகே சட்டம் அதைப் பழம்பொருளாக ஏற்கிறது.

உரிமம் உடையவரும் எண்ணிக்கையின்றித் தோட்டா வாங்க இயலாது. ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்ற இரு எண்களும் உரிமத்திலேயே எழுதப்படுகின்றன. 2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமான செங்கல்பட்டிலும், தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் பொதுவான நடைமுறை உண்டு.

பொதுமக்களுக்கு விடப்பட்ட சில கைத்துப்பாக்கி விட்டங்களுள் .32 ஒன்று. அரசின் ஈசாப்பூர்த் தொழிற்சாலை செய்யும் ‘அசானி’ கைத்துப்பாக்கி ஏற்பது 7.65 மில்லிமீட்டர்த் தோட்டா. கான்பூரில் செய்யப்படும் .32 சுழல்துப்பாக்கியின் தோட்டா பெயரில் ஒத்திருந்தாலும் அளவில் வேறு. ஒன்றை மற்றொன்றில் இட முடியாது. முன்னது 1899இல் பிரௌனிங்குக்காக எர்ஸ்தாலில் வகுக்கப்பட்ட அதே அளவு. செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் இன்று கைத்துப்பாக்கி உரிமம் பெறுபவர் ஒருவர் வாங்கக்கூடிய தோட்டாக்களில் அதுவும் ஒன்று.